வெளியே வர மறுக்கும் மூச்சு

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

நாம் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை மூச்சு விடுகிறோம். அதை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. எண்ணத் தொடங்கும் நாள், மூச்சுக்கு இடையூறு வந்த நாளாகத்தான் இருக்கும். அவ்வாறு இடையூறு தரும் நோய்களில் மிகப் பரவலானவை இரண்டு. ஒன்று ஆஸ்துமா, நம் வீடுகளில் இதை இழுப்பு என்றும் வீசிங் என்றும் சொல்வார்கள். மற்றொன்று நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருத்துவமனைச் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதுவார்கள். 2016-ஆம் ஆண்டைப் பற்றிய ஒரு கணக்கின்படி, இந்தியாவில் ஆஸ்துமா உள்ளவர்கள் சுமார் 3 கோடியே 80 லட்சம் பேர். அடைப்பு நோய் உள்ளவர்கள் சுமார் 5 கோடியே 50 லட்சம் பேர். நம் பள்ளியிலும் நம் தெருவிலும் இவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூச்சுத்திணறல் என்றால் காற்று உள்ளே போகவில்லை என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் இந்நோய்களில் பெரிய தொல்லை காற்று வெளியே வராததுதான். இளநீர் குடிக்கும் குழல் ஒன்றை வாயில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாக மட்டும் நான்கைந்து முறை மூச்சு விட்டுப் பாருங்கள். (இழுப்பு உள்ளவர்கள் செய்ய வேண்டாம், அவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும்.) முழுவதும் வெளியே விடுவதற்குள் அடுத்த மூச்சுக்கு அவசரம் வந்துவிடும். கொஞ்சம் காற்று உள்ளேயே தங்கிவிடும். அதன்மேல் இன்னொரு மூச்சு, அதன்மேல் இன்னொன்று என்று மார்பு நிரம்பிக்கொண்டே போகும். புதிய காற்றுக்கு இடம் இராது.

இதற்குக் காரணம் மூச்சுக்குழல்களின் அமைப்பே. தொண்டையிலிருந்து இறங்கும் பெருங்குழல் இரண்டாகப் பிரிந்து, அவை மீண்டும் மீண்டும் கிளைவிட்டு, கடைசியில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகளில் முடிகின்றன. தலைகீழாக நிற்கும் மரம் என்று வைத்துக்கொள்ளலாம். நாம் மூச்சை இழுக்கும்போது நுரையீரல் விரிந்து, குழல்களின் சுவரையும் நாற்புறமும் இழுத்துத் திறந்து வைக்கிறது. வெளியே விடும்போது அந்த இழுப்பு தளர்ந்து குழல்கள் சற்றுக் குறுகும். நலமாக இருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. ஏற்கெனவே குறுகிப்போன குழல் என்றால் மூச்சு விடும்போது அது ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. அந்த இடுக்கு வழியாகக் காற்று வரும்போது எழும் ஒலியே விசில் போன்ற இரைச்சல்.

ஆஸ்துமாவில் குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உட்பக்கச் சவ்வு வீங்குகிறது. கெட்டியான சளி வேறு ஊறி வழியை அடைக்கிறது. இம்மூன்றும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ சரியாகி, மீண்டும் வரக்கூடியவை. அடைப்பு நோயில் அப்படியல்ல. ஆண்டுக்கணக்கான புகை குழல்களைத் தடிக்கச் செய்து, நுண்ணறைகளின் சுவர்களையும் அரித்துவிடுகிறது. குழல்களை இழுத்துப் பிடித்திருந்த கயிறுகள் அறுந்ததற்குச் சமம். அறுந்தது மீண்டும் முளைப்பதில்லை. ஆகையால் இரண்டும் ஒரே மாதிரி இரைந்தாலும், எது எது என்று பிரித்தறிவது அவசியமாகிறது.

மருத்துவர் முதலில் கேட்பது கேள்விகளைத்தான். இரவிலும் விடியற்காலையிலும் அதிகமாகிறதா? சில நாட்கள் சுத்தமாக இல்லாமல் இருந்து மறுபடி வருகிறதா? சிறு வயது முதலே உண்டா? குடும்பத்தில் யாருக்கேனும் தும்மல், கரப்பான், இழுப்பு உண்டா? இவற்றுக்கு ஆம் என்றால் ஆஸ்துமா பக்கம் எண்ணம் போகும். 40 வயதுக்கு மேல், பீடியோ சிகரெட்டோ விறகுப் புகையோ பழகியவர், படி ஏற முடியாமல் வருடத்திற்கு வருடம் மோசமாகிறார் என்றால் மற்றதன் பக்கம் போகும். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் என்றால், நம் நாட்டில் சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வது முதல் வேலை. காசநோய் குணமான பின்னும் சிலருக்கு அதன் வடுக்களால் இந்த அடைப்பு ஏற்படுவதுண்டு.

மார்பில் குழாய் வைத்துக் கேட்கும் வழக்கத்தை நமக்குத் தந்தவர் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக். 1816-இல் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டதே ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம். நுண்ணறைகள் சிதைந்து நுரையீரல் உப்பிப்போவதை 1819-இல் அவர் தம் நூலில் விவரித்தார். ஆயினும் காதால் கேட்பதை அளவிட முடியாது. எக்ஸ்ரே படம் எடுத்தாலும் ஆஸ்துமா அதில் தெரிவதில்லை. வேறு நோய் இல்லை என்று அறியவே அது உதவும். அளந்து பார்ப்பதற்கு வேண்டிய கருவியை அமைத்தவர் இங்கிலாந்தின் ஜான் ஹட்சின்சன். 1846-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூச்சை அளந்திருந்தார். நீரில் கவிழ்த்த ஒரு பாத்திரத்துக்குள் ஊதச் செய்து, அது எவ்வளவு மேலே எழுகிறது என்று பார்த்தார்.

இதன் எளிய வடிவத்தை எங்கள் அறிவியல் மன்றத்தில் நாங்களும் செய்தோம். ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றில் அரை லிட்டர் அரை லிட்டராக நீர் ஊற்றிக் கோடு போட்டுக்கொண்டு, நிரப்பி, நீர்த் தொட்டியில் கவிழ்த்து, ரப்பர் குழாயால் ஊதினோம். பெரும்பாலோர் இரண்டிலிருந்து மூன்று லிட்டர் வரை நீரை வெளியேற்றினோம். பாடகர் குழுவில் உள்ளவள்தான் வெல்வாள் என்று பலர் கூறினார்கள். வென்றவளோ வகுப்பிலேயே உயரமானவள்! மூச்சின் கொள்ளளவு உயரத்தோடு கூடுகிறது என்று ஹட்சின்சனும் கண்டிருந்தார் என்பதைப் பிறகுதான் படித்தோம்.

மொத்த அளவு மட்டும் அடைப்பைக் காட்டிவிடாது. குறுகிய வழியிலும் மெதுவாக முழுவதையும் விட்டுவிடலாமல்லவா? எவ்வளவு வேகமாக வருகிறது என்பதே முக்கியம். 1947-இல் பிரான்சில் டிஃபெனோ என்பவர், முதல் ஒரு விநாடியில் வெளிவரும் காற்றைத் தனியே அளக்கும் முறையைக் கூறினார். இன்றைய ஸ்பைரோமெட்ரி சோதனை இதில்தான் நிற்கிறது. மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை நிறைய இழுத்து, பலம் கொண்ட மட்டும் வேகமாக ஊதி, ஒன்றுமே மிச்சமில்லை என்னும்வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி இல்லை, வலி இல்லை. சிலருக்குத் தலை சுற்றும், உட்கார்ந்தே ஊதலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒருவர் மொத்தம் 2.5 லிட்டர் ஊதுகிறார். அதில் முதல் விநாடியில் 1.5 லிட்டர் வருகிறது. அது 60 சதவீதம். வளர்ந்தவர்களுக்கு 70 சதவீதத்திற்குக் கீழே போனால் அடைப்பு என்று கொள்கிறார்கள். நம் வயதில் அது 80-க்கு மேலேயே இருக்க வேண்டும். இனி, குழலை விரிக்கும் மருந்தை உள்ளிழுக்கச் செய்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். 1.5 லிட்டர் இப்போது 1.9 ஆனால் 400 மில்லி லிட்டர் கூடியுள்ளது. சுமார் 27 சதவீத உயர்வு. 200 மில்லி லிட்டரும் 12 சதவீதமும் தாண்டினால் அடைப்பு விலகக்கூடியது என்பது நெடுநாளாக வழங்கும் விதி. ஆஸ்துமாவுக்கு இது பெரிய அடையாளம். வேறொருவருக்கு 1.5 என்பது 1.6 ஆக மட்டும் கூடினால், மருந்துக்குப் பின்னும் விகிதம் 64 சதவீதத்தில் நிற்கும். விலகாத அடைப்பு அது.

ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்துமா வந்து போகும் நோயாதலால், நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் சோதனை சரியாகவே வரும். அதைக் கண்டு நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. இதற்காகவே, கையடக்கமான பீக் ஃப்ளோ மீட்டர் என்ற குழாயில் காலையும் மாலையும் ஊதி, இரண்டு வாரம் நோட்டில் குறித்து வரச் சொல்வார்கள். விலை குறைவு, பள்ளிப் பிள்ளைகளும் தாங்களே செய்யலாம்.

மருந்துக்கு வருவோம். இங்கே நம் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் இழுப்பு தணியும் என்பது இந்த நாட்டில் முன்பே இருந்த வழக்கம். 1802-இல் ஜெனரல் ஜென்ட் என்ற ஆங்கிலேயர் இவ்வழக்கத்தை சென்னையிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். அதன்பின் ஐரோப்பாவில் நூறாண்டுக்கு மேலாக ஆஸ்துமாவுக்கென்றே ஊமத்தைச் சுருட்டுகள் விற்றன. ஊமத்தை கொடிய நஞ்சு. யாரும் வீட்டில் முயலக்கூடாது. ஆனால் அதிலுள்ள அட்ரோபின் என்ற பொருளை மாற்றியமைத்துத்தான் இப்ராட்ரோபியம், டயோட்ரோபியம் ஆகிய இன்றைய மருந்துகளைச் செய்தார்கள். அடைப்பு நோய்க்கு இவை முக்கியமானவை. நம் வேலியோரத்து ஆடாதொடைக்கும் இத்தகைய கதை உண்டு. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளைப் பின்பற்றி அமைத்ததுதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின்.

இன்ஹேலர் பிறந்ததற்கு நம் வயதை ஒத்த ஒரு சிறுமிதான் காரணம் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மேசன். ஆஸ்துமா உள்ள அவருடைய 13 வயது மகள் கண்ணாடிக் குமிழை அழுத்தி அழுத்தி மருந்தை இழுத்துச் சலித்துப்போய், தலைக்கு அடிக்கும் ஸ்பிரே போல மருந்தையும் டப்பாவில் அடைத்துத் தரக்கூடாதா என்று கேட்டாளாம். அது 1955. அடுத்த ஆண்டே கடைக்கு வந்துவிட்டது. 1969-இல் குழலை விரிக்கும் சால்பியூடமாலும், 1972-இல் வீக்கத்தைத் தணிக்கும் பெக்ளோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இன்ஹேலரில் வந்தன.

இவ்வளவு இருந்தும் நம் நாட்டில் இன்ஹேலரைக் கண்டால் அச்சம். எங்கள் வகுப்பில் ஒருத்தி அதை ஜியோமெட்ரி பெட்டிக்குள் மறைத்தே கொண்டுவருவாள். (அவள் சம்மதத்துடன்தான் எழுதுகிறோம்.) “பம்பு வைத்திருக்கிறாள் என்று ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?” என்பது அவள் வீட்டாரின் கவலை. ஆகவே காலையும் இரவும் போட வேண்டிய மருந்தை விருந்தாளி இருக்கும் நாளெல்லாம் விட்டுவிடுவாள். விளையாட்டு விழா ஒத்திகையின்போது புழுதியில் மூச்சு முட்டி உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கே தெரியவந்தது. அவளுக்கு உண்மையில் தீங்கு செய்தது இன்ஹேலர் அல்ல, அதை மறைத்ததுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். பெற்றோர்கள் எங்களை மன்னிக்க வேண்டும்.

“பம்பு கடைசி மருந்து, சக்தி அதிகம், பழகினால் விடமுடியாது” என்பார்கள். சக்தியைக் கணக்கிலேயே பார்க்கலாம். சால்பியூடமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம் உண்டு. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரைக்கு நாற்பது அழுத்தல்! மாத்திரை வயிற்றில் கரைந்து உடம்பெல்லாம் சுற்றிய பின் மார்புக்கு வருகிறது. இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழலில் போய்ப் படிகிறது. கள்ளைப்போல் மனத்தை அடிமையாக்கும் தன்மை அதற்கு இல்லை. நோய் நீடிப்பதால் மருந்தும் நீடிக்கிறது, கண்ணுக்குக் கண்ணாடி போல. ஸ்டீராய்டு இன்ஹேலரால் பிள்ளைகளின் உயரம் குறையும் என்பதில் மட்டும் சிறிது உண்மை உண்டு. பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்றில் அந்தக் குறைவு ஒரு சென்டிமீட்டரை ஒட்டியே இருந்தது. கட்டுப்படாத ஆஸ்துமா படிப்பையும் தூக்கத்தையும், சில நேரங்களில் உயிரையுமே கேட்கும்.

உடனே மூச்சைத் திறப்பது ஒரு மருந்து. வீக்கத்தை நாள்தோறும் தணிப்பது மற்றொன்று. பலர் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு, இழுக்கும்போது அடித்து, நின்றதும் மறந்துவிடுகிறார்கள். வீக்கமோ உள்ளே அப்படியே இருக்கும். உலக ஆஸ்துமா வழிகாட்டி நூல் 2019-இல் இதைத் திட்டவட்டமாக மாற்றியது. நம் வயதினரும் பெரியவர்களும், எவ்வளவு லேசான ஆஸ்துமாவாயினும், ஸ்டீராய்டு இல்லாமல் சால்பியூடமாலை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்று கூறிவிட்டது. ஆண்டுதோறும் ஹைதராபாத்தில் மிருகசீரிஷ கார்த்தி அன்று உயிருள்ள விரால் குஞ்சை விழுங்கப் போகிறவர்கள், போகட்டும். பையிலுள்ள இன்ஹேலரை அதற்காக நிறுத்திவிடாமல் இருந்தால் போதும்.

உள்ளிழுக்கும் முறை தவறினால் மருந்து நாக்கில் படிந்து வீணாகும். ஸ்பிரே வகை என்றால் நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். மாத்திரைக் கூடு போட்டுத் திருகும் தூள் வகை என்றால் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஒன்று மெதுவாக, ஒன்று வேகமாக. இதை மாற்றிச் செய்பவர்களே அதிகம். ஸ்டீராய்டு போட்டபின் வாய் கொப்புளித்துத் துப்பாவிட்டால் வாயில் வெள்ளை படரும். அழுத்துவதையும் இழுப்பதையும் ஒன்றுசேர்க்க முடியாத குழந்தைகளுக்கும் பாட்டிமார்களுக்கும் ஸ்பேசர் என்ற புட்டி உண்டு. வாங்க வசதியில்லையே என்போருக்காக, அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய்க்கு ஏற்ற ஓட்டை போட்டுப் பொருத்தித் தென்னாப்பிரிக்காவில் சோதித்தார்கள். இழுப்பு வந்த குழந்தைகளுக்கு அது கடை ஸ்பேசருக்கு இணையாகவே வேலை செய்தது என்று 1999-இல் எழுதினார்கள்.

பாட்டிமார்களைப் பற்றிச் சொன்னோம். அடைப்பு நோய் புகைபிடிக்கும் ஆண்களுக்குத்தான் வரும் என்பது முழு உண்மையல்ல. திருவள்ளூர் மாவட்டத்தில் 45 கிராமங்களில், புகைபிடிக்காத, 30 வயதைக் கடந்த 900 பெண்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், நூற்றுக்கு இருவருக்கு மேல் இந்நோய் இருந்ததாகக் கண்டனர். பீடியைத் தொடாத பெண்ணுக்கு இது எங்கிருந்து வந்தது? அடுப்பங்கரையில் ஊதுகுழலோடு கழித்த ஆண்டுகளை முதலில் சந்தேகிக்க வேண்டும். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் பல வீடுகளுக்கு எரிவாயு வந்தது. ஆனாலும் கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு தென்னை மட்டையில் எரிகிறது. மூடிய அறையில் கொசுவர்த்தி எரிகிறது. தலை குளித்தால் சாம்பிராணி. (தூபம் கமழும் ஆராதனையின்போது இழுப்பு உள்ள பிள்ளைகள் கதவோரப் பெஞ்சில் அமர்வதைச் சகோதரிகள் யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறோம்.) பாட்டிக்கு மூச்சு வாங்கினால் “வயசாச்சில்ல” என்கிறோம். மாடி ஏறும்போது மூன்று இடத்தில் நிற்பதற்கு வயது மட்டும் காரணமா என்று ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

இழந்த நுரையீரலை மருந்து திருப்பித் தராது. இழப்பின் வேகத்தைக் குறைக்கலாம். புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு நுரையீரல் தேய்வது மற்றவர்களின் இயல்பான வேகத்திற்குத் திரும்புகிறது என்று லண்டன் ஆண்களை எட்டாண்டுகள் கவனித்த பிளெச்சரும் பீட்டோவும் 1977-இல் காட்டினர். 60 வயதில் நிறுத்தினாலும் மிச்சம் இருப்பது மிஞ்சும். அதனுடன் நெடுநேரம் குழலை விரித்து வைக்கும் இன்ஹேலர்கள், ஃப்ளூ மற்றும் நிமோனியாத் தடுப்பூசிகள், தினமும் மூச்சு வாங்கும் அளவுக்கு நடை ஆகியவை உண்டு. உதட்டைக் குவித்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பது போல மெதுவாக ஊதி மூச்சு விடும் பயிற்சியை யாரும் கற்றுக்கொள்ளலாம். அது குழல்கள் மூடிக்கொள்ளாமல் காக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்களுக்கு, நாளில் 15 மணி நேரமாவது ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் கூடும் என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 1980, 1981 ஆண்டுகளில் நிரூபித்தார்கள். ஆனால் இந்நோயாளிகளுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுப்பதும் தீங்கு. அதிலும் ஓர் அளவு உண்டு. நோய் திடீரென முற்றும் வேளையில் இரத்தத்தில் 88 முதல் 92 சதவீதம் இருக்கும்படியே மருத்துவர்கள் கொடுப்பார்கள்.

வகுப்பில் ஒரு தோழிக்கு இழுப்பு வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறோம். படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். கூட்டம் கூடக்கூடாது. அவளுடைய சால்பியூடமாலை ஸ்பேசரில் ஒருமுறை அழுத்தி, நான்கு மூச்சு இழுக்கச் செய்து, இப்படி நான்கு முறை கொடுத்து, நான்கு நிமிடம் காத்திருக்கலாம். குறையவில்லை என்றால் மறுபடியும் நான்கு முறை கொடுத்துவிட்டு, சகோதரியிடம் ஓட ஒருத்தியும் 108-க்குப் பேச ஒருத்தியுமாகப் பிரிந்துகொள்ள வேண்டும். அவளைத் தனியே நோயாளி அறைக்கு அனுப்பக்கூடாது. ஒரு முழு வாக்கியத்தை அவளால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை என்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, கண் சொருகினாலோ, நான்கு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். மருந்து கொடுத்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஏமாற்றக்கூடியது ஒன்று உண்டு. இவ்வளவு நேரம் கேட்ட விசில் சத்தம், அவள் இன்னும் திணறிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனால் அது குணமானதற்கு அடையாளம் அல்ல. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை என்பதே அதன் பொருள்.